ஆட்டம் என்று நினைத்தோம்: ஒரு காக்டெயில் குஞ்சின் முதல் 40 நாட்கள்

அக்கா வீட்டுக்கு அந்தக் காக்டெயில் கிளிக்குஞ்சு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அக்காவோடு வேலை பார்க்கும் ஒருவர் தன் மகள் பிறந்தநாளுக்காக ஒரு கடையில் வாங்கியிருக்கிறார். ஒன்பதே நாளில், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கூண்டோடும் ஒரு பொட்டலம் தினையோடும் அக்காவிடம் கொடுத்துவிட்டார். பிறந்த இடம், கடை, அவர் வீடு, இப்போது பாளையங்கோட்டை. அந்த வயதுக்குள் அது பார்த்த நான்காவது இடம் இது. "ரெண்டரை மாசக் குஞ்சு, தானாச் சாப்பிடும்" என்று கடையில் சொல்லி அனுப்பினார்களாம். அந்தப் பேச்சை நாங்கள் யாரும் சரிபார்க்கவில்லை. நானும்தான்.

நான் இருப்பது தூத்துக்குடியில். 11 வருடமாக மொட்டை மாடியில் காக்டெயில் வளர்க்கிறேன். அதனால் சொந்தத்தில் யார் வீட்டில் குருவி தும்மினாலும் எனக்குத்தான் போன் வரும். இந்தக் குஞ்சு விஷயத்தில் முதல் தவறான ஆலோசனையும் என்னிடமிருந்தே போனது. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான்.

பறவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கு வேண்டியிருந்தது பச்சைக்கிளி. "கிளின்னா பச்சையா, மூக்கு செவப்பா இருக்கணும்லா. இது என்ன சாம்பக் கலர்ல?" என்பது அவர்களுடைய மனக்குறை. பச்சைக்கிளி நம் ஊர்க் காட்டுப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். கோயில் வாசலில் சீட்டெடுக்கும் கிளிக்கும் இதே சட்டம்தான். காக்டெயில் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. அந்த நாடு தன் காட்டுப் பறவைகளை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. நம் ஊரில் விற்பவை எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை. சன் கான்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுக் கிளிகளை வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் இல்லாததால் காக்டெயிலுக்கு அந்த வேலையும் இல்லை. தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, வளர்ந்தால் சுமார் 80 முதல் 100 கிராம் எடை. உறவுமுறையில் இது காக்கட்டூ குடும்பத்தைச் சேர்ந்தது. நல்லபடியாக வைத்திருந்தால் 15, 20 வருடம் இருக்கும்.

அந்த வீடியோ

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஒன்பது வயது மருமகன் கூண்டுக்குள் கையை விட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் குஞ்சின் அலகை இரண்டு பக்கமும் லேசாகத் தொடுகிறான். உடனே அது முதுகைக் குறுக்கி, தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டுகிறது. இறக்கைகள் இரண்டும் உடம்பை விட்டு விலகி நடுங்குகின்றன. விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது, தொட்டால் திரும்பத் தொடங்குகிறது. கீழே அக்கா எழுதியிருந்தாள்: "வந்த முதல் நாளே டான்ஸ்!" இருபது முப்பது சிரிப்புப் பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன்.

அப்போது அலுவலகத்தில் இருந்தேன். சத்தத்தை அணைத்து வைத்துத்தான் பார்த்தேன்.

மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

"ஏலே, ஆட்டம் ஆட்டம்னு ஆடுது. நம்ம வீடு அதுக்குப் பிடிச்சுப் போச்சுல. ஆனா கிண்ணத்துல தின்னதே தெரியல."

"புது இடம்க்கா. ரெண்டு மூணு நாளைக்கு யாரும் தொந்தரவு பண்ணாதீங்க. கூண்டுல மூணு பக்கம் துணி போட்டு மூடு. தினையும் தண்ணியும் வச்சுட்டு விட்டுரு. தானா இறங்கி வரும்."

பறவை வளர்க்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வளர்ந்த பறவைக்கு இது சரியான ஆலோசனை. இடம் மாறிய பதற்றத்தில் ஒரு நாள் சரியாகத் தின்னாவிட்டாலும் அது தாங்கும். தனியாக விட்டால் கிண்ணத்தைத் தேடிப் போகும். ஆனால் கிண்ணம் என்றால் என்னவென்றே தெரியாத குஞ்சைத் தனியாக விடுவது வேறு விஷயம். இதைக் கேட்டுப் பிரித்து அறிய வேண்டிய ஆள் நான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீடியோவை மனைவிக்குக் காட்டும்போதுதான் முதல் முறையாகச் சத்தத்தோடு கேட்டேன். கரகரவென்று, மூச்சு விடாமல், ஒரே தாளத்தில் ஒரு அழுகை. துருப்பிடித்த கீலை விடாமல் ஆட்டுகிற மாதிரி இருக்கும். என் மாடியில் குஞ்சு பொரிக்கும் ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள்ளிருந்து கேட்கிற சத்தம் அது. தாயோ தகப்பனோ வாசலில் வந்து நின்றதும் கிளம்பும், வாயில் இரை இறங்கியதும் அடங்கும். ஆட்டமும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. இரை கேட்கிறது.

பிறகு தெரிந்தது: சனிக்கிழமை இரவே அத்தை சொல்லியிருக்கிறார்கள், "பச்சப்புள்ள பசிக்கு அழுத மாதிரில்லா இருக்கு" என்று. தம்பி விஷயம் தெரிந்தவன், அவனே விடச் சொல்லிவிட்டான் என்று அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு மத்தியானம் பார்த்தவை

பஸ் பிடித்துப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. குஞ்சு கூண்டின் மூலையில், கம்பியில் உட்காராமல் தரையில் உப்பிக்கொண்டு இருந்தது. ஆளைப் பார்த்ததும் இரண்டு மூன்று தடவை தலையாட்டிக் கத்திவிட்டு ஓய்ந்துபோனது. முந்தின நாள் வீடியோவில் இருந்த வேகம் இல்லை.

முதலில் எடை. கேக் செய்வதற்காக அக்கா வாங்கி வைத்திருந்த டிஜிட்டல் தராசில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, குஞ்சை அதற்குள் விட்டுப் பார்த்தோம். 68 கிராம். உடம்பில் முக்கால்வாசி சிறகு முளைத்த காக்டெயில் குஞ்சுக்கு இது ரொம்பக் குறைவு. கூட்டை விட்டு வெளியே வரும் பருவத்தில் குஞ்சுகள் கிட்டத்தட்ட வளர்ந்த பறவையின் எடையில் இருக்கும். எண்ணைவிட நெஞ்சைத் தொட்டுப் பார்த்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. நடு நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய சதை உள்வாங்கிக் கிடந்தது. கழுத்துக்குக் கீழே, தின்றதை முதலில் சேர்த்து வைக்கும் தீனிப்பை காலிப் பைபோல் மடிந்திருந்தது.

அடுத்தது எச்சம். "ரொம்பச் சுத்தமான பறவைல, அசிங்கமே பண்ணல" என்று அத்தான் பெருமையாகச் சொன்னார். பறவையின் எச்சத்தில் மூன்று பங்கு இருக்கும்: கெட்டியான மலம், வெள்ளையான யூரேட் என்ற உப்புக் கழிவு, தண்ணீரான சிறுநீர். இங்கே கூண்டுத் தாளில் கிடந்தது கரும்பச்சையாக ஒட்டுப்பசை மாதிரி நாலைந்து பொட்டுகள். உள்ளே ஒன்றும் போகாமல் பித்தம் மட்டும் வெளியே வந்தால் அப்படித்தான் இருக்கும்.

கிண்ணம்தான் எல்லோரையும் ஏமாற்றியது. குஞ்சு கிண்ணத்தின் விளிம்பில் நின்று தினையை அலகால் எடுத்து எடுத்துப் போட்டதை அக்காவே பார்த்திருக்கிறாள். கொறிக்கிறது என்று நம்பிவிட்டாள். கிண்ணத்தை ஊதினால் உமி பறக்க வேண்டும். பறக்கவில்லை. கீழே சிந்தியிருந்த ஒவ்வொரு தினையும் முழுசாக இருந்தது. விதையை உருட்டி உடைத்து உமியைத் தள்ளுவது காக்டெயில் பிறக்கும்போதே கற்று வருகிற வித்தை இல்லை, பல நாள் பழகி வருவது. அதுவரை விதை அதற்கு விளையாட்டுச் சாமான்தான்.

வயதும் பொய். வால் இன்னும் கட்டையாக இருந்தது, கொண்டை குட்டை, அலகுக்கு மேலே மூக்கைச் சுற்றி இளஞ்சிவப்பு, முகத்தில் உறை பிரியாத சிறகுகள். இரண்டரை மாதம் இல்லை, ஆறு ஏழு வாரம் இருக்கலாம் என்பது என் கணக்கு. கடைசியாக மருமகன் செய்ததையே நானும் செய்தேன். அலகின் இரண்டு ஓரத்தையும் விரலால் தொட்டேன். இருந்த கொஞ்ச பலத்தோடு தலையை ஆட்டி விரலை உள்ளே இழுக்கப் பார்த்தது.

அந்தத் தொடுதலுக்கு ஏன் அப்படி ஒரு பதில்? காக்டெயில் மரப்பொந்தில் முட்டையிடும் பறவை. உள்ளே இருட்டு. பகலில் சேவலும் இரவில் பேடும் மாறி மாறி அடைகாக்கும், குஞ்சு வந்ததும் இரண்டும் சேர்ந்து ஊட்டும். தின்றதைத் தீனிப்பையிலிருந்து எதுக்களித்து, குஞ்சின் அலகைத் தன் அலகால் குறுக்கே கவ்வி, உள்ளே இறக்கும். அலகின் ஓரத்தில் அழுத்தம் விழுந்தால் இரை வந்துவிட்டது என்று அர்த்தம், உடனே இழு. யோசித்துச் செய்வதில்லை. பறக்கத் தொடங்கி வெளியே வந்த பிறகும் பெற்றோர் சில வாரம் ஊட்டிக்கொண்டுதான் இருக்கும். அப்படியானால் சனிக்கிழமை முழுக்க அந்த வீட்டில் நடந்தது இதுதான்: பசித்த குஞ்சுக்கு, இரை வந்துவிட்டது என்று தொட்டுத் தொட்டுச் சொல்லி, ஒன்றும் கொடுக்காமல், படம் எடுத்திருக்கிறார்கள். மருமகனிடம் இதை இப்படிச் சொல்லவில்லை. அவனுக்குத் தானாகவே புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பின்பக்கம் போய் நின்றுகொண்டான்.

ஊட்டியது

பசியில் கிடந்த குஞ்சுக்கு உடனே வயிறு நிறைய ஊட்டுவது ஆபத்து. குளிர்ந்த உடம்பில் தீனிப்பை நகராது. உள்ளே போனது அங்கேயே புளித்துவிடும். முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதற்குப் பிறகுதான் தீனி.

சூட்டுக்கு 40 வாட் குண்டு பல்பு வேண்டும் என்று கேட்டதும் அத்தான் மூன்று கடை ஏறி இறங்கினார். எல்லாக் கடையிலும் எல்இடிதான். எல்இடி வெளிச்சம் தரும், சூடு தராது. கடைசியில் எதிர்வீட்டுப் பரணில் ஒன்று கிடைத்தது. கூண்டுக்கு வெளியே ஒரு பக்கம் மட்டும் படும்படி மாட்டினோம். சூடு அதிகமானால் குஞ்சு மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் உப்பல் குறைந்து கம்பியில் ஏறி உட்கார்ந்தது.

அத்தை ஒரு கிண்ணத்தில் பால்சோறு பிசைந்து எடுத்து வந்தார்கள். பாலும் பழமும் கொடுத்துக் கிளி வளர்ப்பதாகத்தானே நாம் கேட்டிருக்கிறோம். பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் வழி பறவைக்குக் கிடையாது, வயிற்றுப்போக்குதான் வரும். சோற்றில் புரதமும் போதாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1980களில் காக்டெயில் குஞ்சுகளைக் கையால் ஊட்டி ஆராய்ந்தபோது, தீனியில் 20 சதவீதம் புரதம் இருந்தால்தான் நன்றாக வளர்ந்தன என்று கண்டார்கள். நான் மாடியில் வைத்திருந்த குஞ்சுத் தீவன மாவைக் கையோடு கொண்டு வந்திருந்தேன்.

முதல் முறை வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் மாவு, நீர்த்த கஞ்சிபோல. 39 முதல் 41 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இதற்குக் கை உணர்வை நம்பக் கூடாது. இரண்டு டிகிரி கூடினால் தீனிப்பை வெந்து ஓட்டை விழுந்துவிடும், இரண்டு டிகிரி குறைந்தால் குஞ்சு துப்பும். மைக்ரோவேவில் சூடாக்கினால் நடுவில் ஓரிடம் மட்டும் கொதித்துக் கிடக்கும் என்பதால் அதைத் தொடவே இல்லை. சிரிஞ்சும் வேண்டாம் என்றேன், பழகாத கை அழுத்திவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு டீஸ்பூனின் இரண்டு ஓரத்தையும் உள்பக்கமாக வளைத்துக் குழிபோலச் செய்தோம். குஞ்சு தலையாட்டி இழுக்கும்போது மூச்சுக்குழாயின் வாய் மூடியிருக்கும், அப்போது மட்டும் சாய்க்க வேண்டும். ஆட்டம் நின்றால் ஸ்பூனும் நிற்க வேண்டும்.

ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. இதற்கு ஏழு மில்லி. அன்றைக்கு நாலு மில்லியோடு நிறுத்தினேன். இரண்டரை மணி நேரம் கழித்துத் தீனிப்பை காலியானதைத் தடவிப் பார்த்துவிட்டு இன்னொரு நாலு. இரவு பத்து மணிக்கு ஒரு எச்சம் போட்டது. கெட்டியும் வெள்ளையும் நீரும் சேர்ந்த முழு எச்சம். அக்காவும் நானும் அதைப் பார்த்து ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டது வெளியாள் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

திங்கள்கிழமை இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். எச்சத்தைப் பார்த்து, தீனிப்பையைத் தொட்டுப் பார்த்து, நோய் ஒன்றும் தெரியவில்லை, பட்டினிதான், எடையைத் தினமும் குறியுங்கள் என்றார்கள்.

சமையலறை நாட்காட்டி

குறித்தவள் அக்கா. காலையில் ஊட்டுவதற்கு முன், தீனிப்பை காலியாக இருக்கும்போது, அதே டப்பா, அதே தராசு. சமையலறையில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் நல்ல நேரத்துக்குப் பக்கத்திலேயே எழுதினாள். திங்கள் 69. செவ்வாய் 72. புதன் 71 (அன்று காலை ஊட்டத் தாமதமாகிவிட்டது, அவளே அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறாள்). வெள்ளி 76. அடுத்த ஞாயிறு 81. இரண்டாவது வாரக் கடைசியில் 86.

இந்த எண்களைச் சொல்வதற்குக் காரணம், குஞ்சின் நடத்தை இவற்றின் பின்னாலேயே மாறியதுதான். 70க்குக் கீழே இருந்தபோது ஆள் நிழல் பட்டாலே அழுகை. 76இல் ஊட்டும் நேரத்துக்கு முன்னால் மட்டும். 81இல் முதன்முறையாக ஊட்டி முடித்ததும் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு அலகின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் உரசிக் கறுக் கறுக் என்று சத்தம் போட்டது. "பல்லக் கடிக்குது, கோவமா?" என்றான் மருமகன். தூங்கப் போகிற, நிம்மதியான பறவை போடும் சத்தம் அது. ஒற்றைக்காலில் நிற்பதும் அந்த நாளில்தான் ஆரம்பித்தது. முதல் வாரத்தில் சாதுவான பறவை என்று நினைத்திருந்தார்கள். பலம் வந்ததும் திரைச்சீலையில் ஏறியது, அத்தானின் கண்ணாடியைப் பிடுங்கியது, ரிமோட்டில் இரண்டு பொத்தானைக் காணோம். சாதுவாக இருந்தது பட்டினிக் களைப்பு.

ஊட்டுவதை நாமாக நிறுத்தவில்லை. காலை, மத்தியானம், இரவு என்று மூன்று வேளை தொடர்ந்தோம். நடுவில் கண்ணில் படும் இடமெல்லாம் தின்பண்டம்: ஊற வைத்த பயறு, முருங்கைக்கீரை, அவித்த மக்காச்சோளம். அத்தானின் கிராமத்திலிருந்து முழுத் தினைக் கதிர் வந்தது. அலகால் இழுத்தால் மணி தானாகக் கழன்று வாய்க்குள் விழும் என்பதால் குஞ்சுக்கு முதல் பாடம் கதிரில்தான் எளிது. குழந்தை முன்னால் அம்மா ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுகிற மாதிரி அத்தை தரையில் உட்கார்ந்து விரலால் தினையைக் கொத்திக் கொத்திக் காட்டினார்கள். பதினெட்டாம் நாள் கதிருக்குக் கீழே உமி. முதலில் மத்தியான வேளையை அதுவே மறுத்தது, பிறகு காலையை. இரவு வேளையைக் கைவிட இன்னும் பத்து நாள் ஆனது. அந்தச் சமயத்தில் எடை 82க்கு இறங்கியது. தானாகத் தின்னப் பழகும்போது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், இரண்டு நாளில் 84க்கு வந்து நின்றது.

சீறல், கடி, நடுராத்திரி

பசி தீர்ந்த பிறகு மிச்சம் இருந்தவைதான் உண்மையில் நடத்தை என்று சொல்லத் தகுந்தவை.

ஸ்பூன் பிடித்த கையைத் தேடி ஓடி வருகிற அதே குஞ்சு, வெறுங்கை கூண்டுக்குள் மேலிருந்து இறங்கினால் கொண்டையைத் தலையோடு படிய வைத்து, இடமும் வலமும் ஆடி, பாம்புபோல் சீறியது. இந்த ஆட்டம் வேறு. இரை கேட்கும் ஆட்டம் மேலும் கீழும். இது பக்கவாட்டில், வாய் திறந்து. இருட்டுப் பொந்துக்குள் தலை நீட்டும் எதிரியை விரட்டுகிற வழி. அக்கா அந்தச் சக ஊழியரிடம் விசாரித்தபோது, அவர் மகள் தினமும் மேலிருந்து ஒரே பிடியாகப் பிடித்து வெளியே எடுப்பாளாம். பருந்து வரும் திசையும் அதுதான். நாங்கள் கூண்டுக்குள் கைவிடுவதையே நிறுத்தினோம். கதவைத் திறந்து வைத்து, வாசலில் கதிரைப் பிடித்தபடி கை கீழே காத்திருக்கும். வந்தால் வரட்டும். கொண்டை படிந்தால் ஓர் அடி பின்வாங்கு, பாதி நிமிர்ந்து தளர்வாக இருந்தால் அப்படியே இரு. நேராக விறைத்து நின்றால் ஏதோ புதுசைப் பார்க்கிறது. கொண்டையைப் பார்த்து அதன் மனசைப் படிப்பதில் மருமகன் என்னைவிடத் தேறிவிட்டான்.

கடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இந்த வயதுக் குஞ்சு எதையும் அலகால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ளும், குழந்தை வாயில் வைத்துப் பார்ப்பது மாதிரி. மருமகன் பயந்து கையைச் சட்டென்று இழுத்தான். இழுத்தால் விரல் ஓடும், வேடிக்கை. அதனால் இன்னும் கடித்தது. கையை ஆட்டாமல் வைத்துக்கொண்டு அதன் வாயில் ஒரு ஓலைத்துண்டைக் கொடுக்கப் பழகிய பின் குறைந்துவிட்டது. மண்டையில் சுண்டு என்று யாரோ சொன்னதை அக்கா கேட்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் இரவுதான் மோசம். ஒரு மணி இருக்கும், மழை, மின்சாரம் போனது. திடீரென்று கூண்டுக்குள் தடதடவென்று மோதல். டார்ச் அடித்துப் பார்த்தால் குஞ்சு கம்பிகளில் இறக்கையை அடித்துக்கொண்டு சுழல்கிறது. கூண்டை ஒட்டிய சுவரில் ஒரு பல்லி. முளைத்துவந்த வால் சிறகு ஒன்று முறிந்து ரத்தம் சொட்டியது. புதுச் சிறகுக் குருத்துக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், முறிந்தால் லேசில் நிற்காது. அக்கா போனில் என் குரலைக் கேட்டுக்கொண்டே சோள மாவை வைத்து அழுத்தினாள். பத்து நிமிடத்தில் நின்றது. இருட்டில் இப்படிப் பதறுவது மற்ற கிளிகளைவிடக் காக்டெயிலுக்கு அதிகம். காட்டில் என்றால் கூட்டத்தோடு கிளம்பிப் பறந்துவிடலாம். கூண்டில் பறக்க இடமில்லை. மறுநாள் கூண்டைச் சுவரைவிட்டு இரண்டடி தள்ளி வைத்து, இன்வெர்ட்டர் இணைப்பில் ஒரு ஜீரோ வாட் பல்பு போட்டார்கள். கூடத்தில் சீரியல் முடிய பத்தரை ஆகும் என்பதால் ராத்திரிக் கூண்டு உள்ளறைக்கு மாறியது. இந்த வயதில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். கொசுவர்த்தியும் அத்தையின் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் அந்த அறைக்குள் வரக் கூடாது என்றேன். பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது. சாம்பிராணி விஷயத்தில் மட்டும் அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அக்கா சமையலறைக்குப் போனால் கத்துவது இன்னொன்று. இது கரகர அழுகை இல்லை, "ட்வீ" என்று ஒற்றைக் கூப்பாடு. கூட்டத்துப் பறவை கண்ணுக்கு மறைந்த துணையை எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறது. ஓடிப் போனால், கத்தினால் அக்கா வருவாள் என்று கற்றுக்கொள்ளும், போகாமலே இருந்தால் இன்னும் கத்தும். அடுப்படியிலிருந்தே ஒரு விசில் அடி, போதும் என்றேன். அக்காவுக்கு விசில் வராது. குக்கர் விசிலையே பதிலாக எடுத்துக்கொண்டது.

முப்பத்து நான்காம் நாள்

தென்காசியில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் குஞ்சைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து கூண்டைத் திறந்ததும் அக்காவைப் பார்த்து முதுகைக் குறுக்கி, இறக்கையை நடுக்கி, தலையை மேலும் கீழும் ஆட்டி, அதே துருப்பிடித்த கீல் சத்தம். ஊட்டல் நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது.

எனக்குப் போன் வந்தபோது அக்கா ஏற்கெனவே டப்பாவைத் தராசில் வைத்திருந்தாள்.

"84 இருக்குல. உமியும் கிடக்கு. எச்சமும் நல்லாருக்கு. பின்ன எதுக்கு அழுது?"

எடை இறங்கவில்லை, தீனிப்பையில் தினை தட்டுப்பட்டது. பசி இல்லை. இடம் மாறிய பயத்தில் பறவை தனக்குத் தெரிந்த பழைய கேள்வியைத் திரும்பக் கேட்கிறது. தம்பி பிறந்ததும் மூத்த பிள்ளை மறுபடி புட்டிப்பால் கேட்பது மாதிரி. அதற்காக மறுக்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஒரு வேளை வெதுவெதுப்பாகக் கஞ்சி கொடு, அதுவே நிறுத்தும் என்றேன். நாலு ஸ்பூன் குடித்தது முதல் நாள். இரண்டாம் நாள் ஒன்றரை. மூன்றாம் நாள் ஸ்பூனைத் தட்டிவிட்டுவிட்டுக் கதிருக்குப் போனது.

நாற்பதாம் நாளோடு தினசரி எடை போதும் என்று ஞாயிறுதோறும் என மாற்றினோம். சேவலா பேடா என்பது இன்னும் தெரியாது. சாம்பல் நிறக் குஞ்சுகள் எல்லாமே பேடு மாதிரிதான் வால் அடியில் வரியோடு இருக்கும், ஆறு மாதத்தில் முதல் சிறகு உதிர்ந்து முளைக்கும்போதுதான் முகம் மஞ்சளாகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை அத்தைக்கு அது ராசாத்தி, மருமகனுக்கு ராக்கெட். குக்கர் விசிலுக்கு மட்டும் இரண்டு பெயரிலும் பதில் சொல்கிறது.